கோணல் கோடு

“இன்னும் ஒரு டம்ளர்டா வாண்டு! நீ ஒண்ணு, மாமா ஒண்ணு. யாரு முதல்ல முடிக்கிறாங்கன்னு பார்த்துடுவோம்!”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு வயது வாண்டு தண்ணீர் டம்ளரை வாயில் கவிழ்த்தான். மாமாவும் கவிழ்த்தார். பஸ் ஓட்டும் மனிதர். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை எதற்காகவும் இறங்காதவர். தங்கை மகனுக்கு ஒன்று என்றால் மட்டும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்.

வாண்டு பிறந்தபோதே சிறுநீர்ப் பாதையை ஒரு சவ்வு அடைத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் சிறுநீர்ப்பை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். இந்த முறை சரியில்லையென்றால் இன்னொரு ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

“நல்லபடியா வரணும்ணா.”

“அட, நீ சும்மா இரு. நம்ம வீட்டுப் பையன், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுவான் பாரு!”

டெக்னீஷியன் பெண் உள்ளறைக் கதவைத் திறந்தார். “தம்பி, அந்தப் புனல்ல ஒண்ணுக்குப் போகணும். எவ்வளவு வேகமா விழுதுன்னு வெளியில கம்ப்யூட்டர்ல கோடு வரும். நாங்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டோம். துணைக்கு ஒருத்தர் வரலாம்.”

அம்மா எழுவதற்குள் வாண்டு முறைத்தான். “நீ வேண்டாம். மாமா வரட்டும்.”

கதவு சாத்தப்பட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பையனுக்குக் கூச்சம் போலிருக்கிறது. மாமா உள்ளே குழாயைத் திறந்துவிட்டு, “உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்...” என்று சத்தம் கொடுப்பது வெளியே வரை கேட்டது. டெக்னீஷியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒருவழியாகக் கோடு எழுந்தது. எழுந்தது என்று சொல்வதே தப்பு. கொஞ்சம் தவழ்ந்தது, நின்றது, மறுபடி தவழ்ந்தது. டெக்னீஷியனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“முடிஞ்சுது, வெளியே வாங்க!” என்று அவர் கதவைத் தட்டினார். வெளியே வந்த மாமா யார் முகத்தையும் பார்க்காமல், “ஒரு போன் வருது” என்று வராந்தா பக்கம் நழுவிவிட்டார்.

டாக்டர் வந்து கம்ப்யூட்டரில் இருந்த கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “வழியில தடை இருக்கும்மா. முக்கி முக்கித்தான் போயிருக்கான். மறுபடி ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம். எதுக்கும் உள்ளே மிச்சம் எவ்வளவு நிக்குதுன்னு ஸ்கேன்ல பார்த்துடுவோம்.”

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வாண்டுவைப் படுக்கவைத்து, அடிவயிற்றில் கருவியை வைத்தார் டாக்டர்.

“அடேயப்பா! இவ்வளவு மிச்சமா?”

“மிச்சம் இல்ல டாக்டர், மொத்தமும் அப்படியே இருக்கு!” வாண்டு நெளிந்தான். “அமுக்காதீங்க, முட்டுது! நான் இன்னும் போகவே இல்ல.”

“போகலையா?”

பதில் சொல்ல நேரமேது? கட்டிலிலிருந்து குதித்து உள்ளறைக்கு ஓடினான். இந்த முறை தனியாக. கோடு விறுவிறுவென்று ஏறி, உச்சியைத் தொட்டு, வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி ஸ்கேன். மிச்சம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

“பிரமாதம்! ஆபரேஷனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றார் டாக்டர்.

அம்மா சிரித்தாள், அழுதாள், மகன் திமிறத் திமிற முத்தம் கொடுத்தாள். பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“அப்போ அந்த முதல் கோடு? மெஷின் கோளாறா டாக்டர்?”

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா.”

டாக்டர் முதல் கோடு அச்சான தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மாமா, “அவனோட சேர்ந்து குடிச்சேனா... அடக்க முடியல டாக்டர்” என்று முனகினார்.

“பரவாயில்ல, உள்ளே வந்து படுங்க. ஆபரேஷன் உங்களுக்குத்தான் தேவைப்படும் போலிருக்கு!”