குங்குமம் வைத்த சுவிட்ச்

தறிக்கூடத்துக்குக் கணினியில் சேலை டிசைன் போடும் தணிகாசலம், ஆயுத பூஜைக்குக் கும்பிட வந்தவன், கணினியைப் பார்த்ததும் அதனிடம் ஓடினான். திரை இருண்டு கிடந்தது. அதன் சுவிட்சின் மேல் ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும். தறிக்கூடத்தின் அந்தப் பதினெட்டு வருடப் பழைய கணினிக்கு ஒத்துவரும், பைத்தான் மொழி நிரல்களை இயக்கும் இன்டர்பிரட்டர் எங்கும் ஆயத்தமாகக் கிடைக்காததால், மூல நிரலிலிருந்தே அதைக் கட்டிக்கொண்டிருந்தான். அது இல்லாமல் புதுச் சேலை டிசைன் எதுவும் தறியில் ஏறாது. இரண்டு முறை கணினி சூடு தாங்காமல் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. மூன்றாம் முறை நேற்று விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் தானே அணைந்துகொள்ளக் கட்டளையும் கொடுத்திருந்தான்.

“யாருக்கா இத நிறுத்துனது?” என்று கேட்டான்.

“நாந்தான் தம்பி,” என்றாள் கூடம் பெருக்கும் ருக்மணியக்கா. “தறியெல்லாம் நிறுத்தியாச்சு, இது மட்டும் மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. இதுவும் ஆயுதந்தானே? இன்னிக்குப் பூசை முடிஞ்சாலும், நாளைக்குக் காலைல மறுபடி கற்பூரம் காட்டிட்டுத்தான் தொடணும்.”

அப்போதுதான் மேசைக்கடியில் அந்த உறுமல் அவன் காதில் விழுந்தது. அக்கா அணைத்தது திரையை மட்டும்தான்! கணினியின் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, விசிறித் துளையை அடைத்துத் தொங்கிய சாமந்தி மாலைக்குப் பின்னால். மாலையை ஒதுக்கக் குனிந்தான். அதற்குள் முதலாளி தீபாராதனைத் தட்டோடு கணினி முன்னால் வந்து நின்றுவிட்டார். கூடமே கைகூப்பியது. அவனும் கூப்பினான், வாழ்க்கையில் முதன்முறையாக மனதார.

பூஜை மணி ஓய்ந்தது. அத்தனை தறிகளும் நின்ற அந்த அமைதியில், உறுமலும் சட்டென்று நின்றது.

கட்டி முடித்து நின்றதா, வெந்து நின்றதா? நாளைக் காலை வரை தொட்டுப் பார்க்க வழியில்லை; சுவிட்சின் மேல் குங்குமம் இன்னும் காயவில்லை.