ரிஜெக்ட் ரூம்

"எவடி இதை ஒட்டுனது?"

ஜோதியம்மாள் கேட்டதும் லைன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

கார்களுக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் மனநல வாரம். ஷெட்டுக்குள் நுழைகிற இடத்தில் பெரிய பலகை ஒன்று வைத்து, எல்லார் பேரையும் எழுதியிருந்தார்கள். அவரவர் பேருக்கு நேரே அன்றைய மனநிலையை ஒட்ட வேண்டும். சிரிக்கிற முகம் பச்சை, உம்மென்று இருக்கிற முகம் மஞ்சள், அழுகிற முகம் சிவப்பு. பச்சை முதல் நாளே தீர்ந்துபோய், பெங்களூரிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள்.

இன்றைக்கு யுவஸ்ரீ பேருக்கு நேரே சிவப்பு.

"நான்தாங்கக்கா," என்றாள் யுவஸ்ரீ. "உண்மையைத்தானே ஒட்டச் சொன்னாங்க."

"உன் உண்மையை வச்சு இங்க யாருடி காருக்கு வயர் கட்டப்போறா?" ஜோதியம்மாள் சிவப்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அதே இடத்தில் ஒரு பச்சையை வைத்து அறைந்தாள். "கைதான் நகர மாட்டேங்குதுன்னா மூஞ்சியும் சேர்ந்து அழுவுது. இன்னிக்கும் நீ ரிஜெக்ட் ரூம்தான். ஹோகே, ஹோகு."

கோபம் வந்தால் அந்த லைன் லீடருக்குத் தமிழில் 'போடி, போ' போதாது, கன்னடத்துக்குத் தாவிவிடுவாள்.

யுவஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டு போனாள். தப்பாகக் கட்டிய வயர்களையெல்லாம் உட்கார்ந்து பிரிக்கிற அறை அது. ஜன்னல்கூடக் கிடையாது. அங்கே அனுப்பினாலே அவமானம். இந்த வாரம் அவளுக்கு அது தினப்படி ஆகிவிட்டது.

பக்கத்து மேஜையில் இருந்த அனிதாவுக்குப் பொறுக்கவில்லை. மூக்கண்டப்பள்ளியில் இரண்டு பேருக்கும் ஒரே ரூம். யுவஸ்ரீ ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவளுக்குத் தெரியும். அனிதாவுக்கும்தான் தூக்கம் வருவதில்லையே.

சாப்பாட்டு நேரத்தில் நேராக எச்.ஆர். பிரதாப்பிடம் போனாள். அவர் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. மனசு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார்," என்று வாய் தானாகச் சொன்னது. "எங்க லைன்ல ஒரு பொண்ணு, சோறு தண்ணி இல்லாம கெடக்குது சார். ஜோதியக்கா அதைத் தினமும் ரிஜெக்ட் ரூமுக்குத் தள்ளுறாங்க. அதுக்குப் பதிலா இங்க கொஞ்ச நேரம் உக்கார விடலாமே?"

அவள் கை காட்டிய இடத்தில் கண்ணாடிக் கதவு. 'அமைதி அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே புது சோபா, புதுச் செடி. கதவில் புதுப் பூட்டு.

"அதுவா? வெள்ளிக்கிழமை ஜப்பான்காரங்க பார்க்க வர்றாங்க. அதுவரைக்கும் சோபா அழுக்காகக் கூடாது."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்?"

"லைன்ல இருந்து ஆளை ஓய்வுக்கு அனுப்ப ரூல் கிடையாதும்மா. தண்டனைன்னா அனுப்பலாம். ஜோதியம்மாள் ரூல்படிதான் போறாங்க. இந்த வருஷம் 'ஒழுக்கத்துக்கான' பரிசே அவங்களுக்குத்தான்."

"அப்ப மனசு சரியில்லாதவங்க என்ன சார் பண்றது?"

"வெளியே சொல்லணும். மறைக்கவே கூடாது. உங்க லைன் மணிவேல் இல்ல? முதல் நாளே தைரியமா சிவப்பு ஒட்டினான். கூப்பிட்டுக் கை குலுக்கினேன். போட்டோகூட எடுத்தோம்."

"அவரை அப்புறம் ஆளையே காணோமே சார்."

"ரெஸ்ட் கொடுத்தாச்சு. காண்ட்ராக்டர்கிட்டச் சொல்லி, அந்த இடத்துக்கு பர்கூர்லயிருந்து வேற பையனும் வந்தாச்சு." பிரதாப் பலூனுக்கு முடிச்சுப் போட்டார். "மனசு சரியில்லாதவனை மெஷின்கிட்ட நிறுத்தலாமா? ஆபத்தில்லையா? ஆமா, உங்க லைன்ல யாருன்னு சொன்னே?"

அனிதா கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

"யாரும் இல்ல சார். அது... சும்மா, வயித்து வலி."

வெளியே வந்தவள் சாப்பிடப் போகவில்லை. ரிஜெக்ட் ரூம் பக்கம் ஓடினாள். யுவஸ்ரீயிடம் சொல்லிவிட வேண்டும், இனி அந்தச் சிவப்பைத் தொடவே தொடாதே என்று.

கதவைத் தள்ளினாள். உள்ளே விளக்கு மங்கலாக இருந்தது.

பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளின் மேல் யுவஸ்ரீ குழந்தைபோலச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மேலே ஜோதியம்மாளின் ஸ்வெட்டர். பக்கத்தில் காலி டிபன் பாக்ஸ். கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, யுவஸ்ரீ பிரிக்க வேண்டிய வயர்களை மளமளவென்று பிரித்துக்கொண்டிருந்தாள் ஜோதியம்மாள்.

"கதவைச் சாத்துடி," என்றாள் குரலை இறக்கி. "இந்த ஒரு ரூம்லதான் கேமரா இல்ல."

அனிதா சாத்தினாள்.

"நீ ஆபீஸ் பக்கம் போனதைப் பார்த்தேன். இவ பேரைச் சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"பொழச்சா." ஜோதியம்மாள் தலை நிமிராமல் அடுத்த வயர்க்கட்டை எடுத்தாள். "மணிவேல் சிவப்பு ஒட்டுன அன்னிக்குப் பாரு, நான் லீவு. இருந்திருந்தா அவனையும் நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டு இங்க தள்ளியிருப்பேன். சரி, நீ போ. பெல் அடிக்கப்போறான்."

அனிதா கதவுவரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா."

"என்னடி?"

அனிதா திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கு என்னையும் கொஞ்சம் திட்டுங்கக்கா."