மீதி

மகள் இறந்த பிறகு கோதண்டத்துக்கும் சௌந்தரிக்கும் இடையில் பேச்சு ஒரு கேள்வியாகவும் ஒரு பதிலாகவும் சுருங்கிவிட்டது. 829348951 என்பது அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது நோட்டில் கைக்கு வந்தபடி எழுதிய எண். "இது எதாலப்பா வகுபடும்?" என்று கேட்டிருந்தாள். கணக்கு வாத்தியாரான அவர், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

இப்போது பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் தொடங்கி, மாலைக்கு ஒரு பகா எண்ணால் வகுப்பார். அதற்கு மேல் விரல்கள் ஒத்துழைப்பதில்லை. சௌந்தரி காப்பி கொண்டுவந்து வைக்கும்போது கேட்பாள்:

"வகுபட்டுச்சா?"

"இல்ல."

அவ்வளவுதான். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கிட்டத்தட்ட மூன்று வருடங்கள் இப்படியே போயின.

அன்று 7919-இன் முறை. மீதி பூஜ்யம் வந்தது. நம்பாமல் மறுபடியும் வகுத்தார். பூஜ்யமேதான். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். உடம்பெல்லாம் அசதிதான் பரவியது. இனி நாளை மாலை எதற்காக இந்த மேஜைக்கு வருவது என்று தெரியவில்லை.

"வகுபட்டுச்சா?"

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.

சௌந்தரி டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்தாள். நோட்டின் கடைசி வரியையே வெகுநேரம் பார்த்தாள். அவர் மூடவில்லை.

"அப்ப நாளைக்கு எந்த எண்ணுங்க?"

"ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு."

அவள் அடுப்படிக்குப் போகவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.