இருபதாவது விவசாயி

பத்தொன்பது கையெழுத்து ஆகிவிட்டது. இருபதாவதற்குத்தான் சேரப்பணஞ்சேரியில் ஆள் இல்லை.

சொந்த நிலம் உள்ள இருபது பேர் சேர்ந்தால் உழவர் குழு. குழு அமைந்தால் அரசாங்கம் நடவு இயந்திரம் தரும். ஒருவர் குறைந்தாலும் அது பக்கத்து ஊருக்குப் போய்விடும்.

போய்விட்டால் பெருந்தேவியின் ஒன்றரை ஏக்கர் இந்த வருடமும் தரிசுதான். நடவு நட வந்த பெண்கள் எல்லாம் இப்போது விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அங்கே தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது.

போன வருடத் தரிசைப் பார்த்துவிட்டு நிலத் தரகர் இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போனார். மூன்றாவது டீ போட அவளுக்கு இஷ்டமில்லை.

"நாலு மணிக்குள்ள பட்டியலை ஏத்தணும்க்கா" என்றாள் வேளாண்மை அலுவலர் யுவஸ்ரீ. ஊர்ப் பட்டாக்களைக் கணினியில் துழாவியவள் சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னொரு பட்டா இருக்கு. மூணு சென்ட்டு. ஆனா அது மேல நீங்கதான் ஆட்சேபணை மனு போட்டிருக்கீங்க."

யார் பெயரில் என்று பெருந்தேவி கேட்கவில்லை. பதினோரு வருடமாக அவள் முகம் கொடுத்துப் பேசாத ஆள் ஊரில் ஒருவர்தான், தசரதன்.

வரப்பை ஒட்டிய அந்த மூன்று சென்ட் தன்னுடையது என்று தாலுகா ஆபீஸுக்கு அவள் நடந்த நடையில் நாலு ஜோடி செருப்பு தேய்ந்தது. தசரதனும் விட்டுக்கொடுப்பதாயில்லை.

பிறகு கம்பெனிக்கு நிலம் எடுத்தார்கள். தசரதனின் இரண்டு ஏக்கரும் போயிற்று. தகராறில் இருக்கிறது என்று அந்த மூன்று சென்ட்டை மட்டும் யாரும் தொடவில்லை.

ஆக, இவள் சண்டை போட்ட புண்ணியத்தில்தான் அந்த மனுஷன் இன்னும் விவசாயி. பெருந்தேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தாள்.

மூன்றரைக்கு யுவஸ்ரீயின் ஸ்கூட்டி இருவரையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி கேட்டில் போய் நின்றது. காவலாளி உடுப்பில், தொப்பியோடு தசரதன். தன் பழைய வயலுக்கே இப்போது காவல்.

அவர் வாயைத் திறக்கவில்லை. இவளும்தான். வருகைப் பதிவேட்டை ஜன்னல் வழியே அவர் தள்ளினார். யார் வந்தாலும் அதில் எழுதியாக வேண்டும்.

ஆஹா, இது வசதியாகப் போயிற்றே என்று அவள் பேனாவை எடுத்தாள்.

பார்க்க வேண்டியவர்: தசரதன்.

வந்த காரணம்: மூன்று சென்ட் அவருடையதேதான். மனுவை வாபஸ் வாங்கியாச்சு. உழவர் குழுவில் கையெழுத்து வேண்டும்.

தசரதன் தலைகீழாகவே படித்தார். மீசை ஒரு தடவை துடித்தது. பிறகு காலியாக இருந்த அடுத்த கட்டத்தை விரலால் தட்டினார். அதையும் நிரப்ப வேண்டுமாம், கம்பெனி விதி.

மூன்று சென்ட்டை விட்டுக்கொடுத்தபோது நிற்காத பேனா அங்கே நின்றது. மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

உறவு: அண்ணன்.

அவர் தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்ப மாட்டினார். யுவஸ்ரீ நீட்டிய படிவத்தில் இருபதாவது வரியைத் தேடிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபோதுதான் வாய் திறந்தது.

"நாத்து வுட்டியா, இல்ல மெஷின் வரட்டும்னு குந்திகினு கீறியா? ஆறு மணிக்கு டூட்டி முடிஞ்சி வந்து பாக்கறேன்."

"அதெல்லாம் வுட்டாச்சுண்ணா" என்றாள் பெருந்தேவி, கூசாமல்.

விதைநெல் இன்னும் மூட்டையிலேயே இருந்தது.