குதிகால் கோடு

அறுபத்தாறாம் வருஷத்து மாசி வெயில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாய்கிறது. கல்கத்தா கிளப்பில் பத்து வருஷம் கோல் காத்து, முழங்கால் போய் ஊர் திரும்பிய சேக் பரீது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கிறார். தன் இடம் தவறாதிருக்க, பழைய வழக்கப்படி குதிகாலால் மண்ணில் கோடு கிழிக்கிறார். அவருடைய சுண்டுவிரல் இன்னும் வளைந்தே இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் கண்ணாயிரம் அடித்த பந்தின் வேலை. அதே கண்ணாயிரம் இப்போது எதிரே நின்று பந்தை மெல்ல உருட்டிவிடுகிறார். பரீது குனியவேயில்லை. பந்து அவரைத் தாண்டிக் கோலுக்குள் போகிறது. "என்ன மச்சான், கைப்புள்ளைக்கு உருட்டுற மாதிரி உருட்டுற? வெரல ஒடச்சியே, அந்த அடி அடி." கண்ணாயிரம் அந்த முழங்காலையே பார்க்கிறார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஓடிவந்து அடிக்கும் தூரம் வரை பின்னோக்கி நடக்கிறார். பரீது உள்ளங்கையில் எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொள்கிறார்.