இருப்புக்கொள்ளாத சிவப்பு வயர்

கூடத்து விளக்கை மாற்ற மங்கையர்க்கரசி சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறினாள். கூரையிலிருந்த சிவப்பு வயருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, எனக்குள்ள இன்னும் கரண்ட் இருக்கு. அவ தொட்டா அவ்வளவுதான்!" என்று சுவரிலிருந்த சுவிட்சிடம் பதறியது.

"நான்தான் அணைஞ்சுட்டேனே, அப்புறம் எப்படி வரும்?" என்றது சுவிட்ச்.

"உங்களைத் தப்பாக் கறுப்பு வயர்ல மாட்டிட்டாங்க. திரும்பிப் போற வழியைத்தான் நீங்க அடைக்கிறீங்க. வர்ற வழி திறந்தே கிடக்கு!"

"இருபது வருஷமா நான் சொல்லித்தான் விளக்கு எரியுது. எனக்கே பாடமா?"

பழைய விளக்கு கழன்றது. வயரை நோக்கி நீண்ட விரல்கள் சட்டென்று நின்றன. எதற்கும் இருக்கட்டும் என்று அவள் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். அது பளிச்சென்று எரிந்தது.

"அம்மாடி!" என்று இறங்கி ஓடி மெயினை அணைத்தாள்.

புது விளக்கை மாட்டிய கையோடு சுவிட்சுப் பலகையையும் திறந்தாள். கறுப்பு வயரின் முனைகளைக் கழற்றி ஒன்றாக இணைத்துவிட்டு, சிவப்பு வயரை நறுக்கி அதன் முனைகளைச் சுவிட்சில் முறுக்கினாள். மெயினைப் போட்டதும், அணைந்திருந்த சுவிட்சின்மேல் முதன்முறையாகக் கரண்ட் நேராக வந்து முட்டியது.

சுவிட்ச் ஆடிப்போனது. "தம்பி, இதையா இத்தனை வருஷமும் தனியாச் சுமந்தே?"

கூரையில் சிவப்பு வயர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.