டம்மி பீஸ் கேட்ட கேள்வி

"டம்மி பீஸ் யாரு? எழுந்திரு. திட்ட மாட்டேன்."

கிளாரன்ஸ் சார் இப்படிக் கேட்டதும் பத்தாம் வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் சந்தேகம் கேட்க ஒருவருக்கும் வாய் வராது. கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களே என்ற பயம். அதனால் எக்ஸ் தளத்தில் வகுப்புக்கென்று ஒரு பக்கம் திறந்தார். தினம் ஒரு கணக்கைப் போட்டு, பெயரை மறைத்துக்கொண்டும் கேட்கலாம் என்றார்.

ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மூடிவிடலாம் என்றிருந்தபோதுதான் 'டம்மி பீஸ்' என்ற பெயரில் ஒன்று வந்து சேர்ந்தது.

சுரங்கத்துக்குள்ளே மூணாவது லெவலைவிட அஞ்சாவது லெவல்தானே பெரிசு, அப்புறம் மைனஸ் மூன்றைவிட மைனஸ் ஐந்து மட்டும் எப்படிச் சின்னதாகும் என்று கேட்டது.

சுரங்கத்தில் இறங்கினவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் இப்படியொரு சந்தேகம் வரும். சார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் ஷாஃப்ட் குழியைப் படம் வரைந்து, தரையைப் பூஜ்யமாக வைத்து, லெவல் நம்பர் ஏற ஏற நாம் இறங்கிக்கொண்டே போகிறோம் என்று இரண்டே வரியில் எழுதிப் போட்டார்.

தனக்கும் இன்றைக்குத்தான் புரிந்தது என்று கடைசி பெஞ்ச் ரூபேஷ் சொந்தப் பெயரிலேயே பதில் எழுதினான். அவனைப் பார்த்து இன்னும் சிலர்.

அதற்கப்புறம் டம்மி பீஸ் கேட்காத அசட்டுக் கேள்வி இல்லை. மற்றவர்களுக்கும் தைரியம் வந்து, மாதிரித் தேர்வில் கடைசி பெஞ்சே தேறிவிட்டது.

யார் பெற்ற பிள்ளையோ, என்ன துணிச்சல் என்று சார் மனசுக்குள் கொண்டாடினார். வகுப்பில் முதலாவதாக வரும் வாணிக்கு அதில் பாதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்ததுண்டு. அந்தப் பெண் வாயே திறக்காது.

நேற்று சாயங்காலம் டம்மி பீஸ் கேட்டது கணக்கே இல்லை. இப்போது பரீட்சை எழுதாமல் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால், பிறகு எப்போதாவது எழுத விடுவார்களா என்று கேட்டிருந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை அடுத்த வாரம். இத்தனை பேரைக் கரையேற்றிய பிள்ளை கைநழுவிப் போகிறதே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. ஆள் யாரென்று தெரிந்தால் வீட்டுக்கே போய்ப் பேசிவிடலாம்.

அதனால்தான் இன்றைக்கு வகுப்பிலேயே கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பெஞ்சில் வாணி எழுந்தாள்.

சார் முதல் பெஞ்சுக்கு வந்தார். நூற்றுக்கு நூறு வாங்குகிற உனக்கா மைனஸ் தெரியாது என்று கேட்டார்.

"அதெல்லாம் இவங்களுக்காகக் கேட்டது சார்," என்றாள் வாணி. "நேத்து கேட்டதுதான் எனக்கு."